தனுஷ்கோடி – தலைமன்னார்: போடாமல் போன ரயில் பாதைக்கு ஒரு ஜியோகேஷ், எந்த வகையில் அமைப்பது?

வைகைக்கரை (கேள்வி):
1913-ல் தென்னிந்திய ரயில்வே, ஆதம் பாலத்தின் (ராமர் சேது) மேலாகத் தனுஷ்கோடியிலிருந்து இலங்கையின் தலைமன்னாருக்கு ரயில் பாதை போட விரிவான சர்வே எடுத்தது. நீளம் 20.05 மைல். அதில் 7.19 மைல் மணல் திட்டுகளின் மேல், 12.86 மைல் கடலுக்குள். பாதை வரவில்லை. 1914-ல் பாம்பன் பாலமும் அக்கரைக்குக் கப்பலும்தான் வந்தன. இந்த வரலாற்றை வைத்து ஒரு ஜியோகேஷ் (ஒளித்துவைத்த பெட்டியை ஜிபிஎஸ் கொண்டு தேடும் விளையாட்டு), சுருக்கமாகக் கேஷ், அமைக்க விரும்புகிறேன். தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனையின் ஆயத்தொலைவைக் கேஷின் இணையப் பக்கத்தில் கொடுத்துவிட்டு, இடிந்த ரயில் ஸ்டேஷன் அருகே பெட்டியை வைத்து மிஸ்டரி வகையில் (புதிரை அவிழ்த்தால்தான் பெட்டியின் இடம் தெரியும்) போடலாம் என்பது திட்டம். நான் இருப்பது மதுரையில். கேஷை வெளியிடும் முன் சரிபார்க்கும் ரிவியூவர் ஏற்பாரா? புதிருக்கு எந்த எண்களை நம்பலாம்? உப்புக்காற்றைத் தாங்கும் பெட்டி எது?

சேதுச்சாலை:
இந்த வடிவில் ஏற்கமாட்டார்கள். மிஸ்டரி கேஷில் இணையப் பக்கத்தில் காட்டும் புள்ளிக்கும் பெட்டிக்கும் இடையே 3.2 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது. அரிச்சல்முனையிலிருந்து பழைய ஸ்டேஷன் நேர்கோட்டிலேயே அதைத் தாண்டிவிடும். மல்டி வகைக்கு (நிலை நிலையாகச் சென்று கடைசியில் பெட்டியை எடுப்பது) அந்த வரம்பு இல்லை, அதனால் மல்டியாக மாற்றுங்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் இடம். 2025 ஜூனில் தனுஷ்கோடியில் பூநாரை சரணாலயம் அறிவித்தார்கள். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவும் பக்கத்தில். கடற்படையும் கடலோரக் காவலும் ரோந்து வரும் கரையில், இடிபாட்டுக்குள் செருகிய பெட்டி சந்தேகப் பொருளாகத்தான் பார்க்கப்படும். ஆகவே தனுஷ்கோடியில் பெட்டியே வேண்டாம். அரிச்சல்முனையும் இடிந்த ஸ்டேஷனும் பார்த்துப் பதில் எடுக்கும் நிலைகளாக மட்டும் இருக்கட்டும். பொருள் எதுவும் வைக்காத நிலைக்கு, மற்றக் கேஷ்களிலிருந்து 161 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்ற விதியும் பொருந்தாது. கடைசிப் பெட்டியை ராமேஸ்வரத்திலோ தங்கச்சிமடத்திலோ ஒரு விடுதி அல்லது கடை வளாகத்துக்குள், உரிமையாளர் அனுமதியோடு வையுங்கள். அவரே மாதம் ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சம்மதித்தால், மதுரையிலிருந்து எப்படிப் பராமரிப்பீர்கள் என்ற கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும். ரிவியூவருக்கான குறிப்பில் இதை முதலிலேயே எழுதிவிடுங்கள்.

இடிபாட்டில் வளைவுகளை எண்ணச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு மழைக்காலத்திலும் கொஞ்சம் சரிகிறது. நெடுஞ்சாலை கிலோமீட்டர் கல், கல்வெட்டு போன்றவற்றில் எண் எடுங்கள். ஒவ்வொரு நிலைக்கும் மாற்று எண் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

மீட்டர்கேஜ்:
எண்கள் பற்றி. பாம்பன் பழைய பாலத்தின் தூண் எண்ணிக்கையைத் தொடாதீர்கள். 143, 145, 146 என்று ஆளுக்கொன்று எழுதியிருக்கிறார்கள், தேடுபவர் தவறான இடத்துக்குப் போய்விடுவார். சர்வேயின் மூன்று எண்கள் பொருத்தமானவை, ஏனென்றால் 7.19 + 12.86 = 20.05 என்று அவையே ஒன்றையொன்று சரிபார்த்துக்கொள்கின்றன. இன்னொன்று கேஜ் (இரு தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம்) வித்தியாசம். அன்று இந்தப் பக்கம் மீட்டர் கேஜ், 1000 மி.மீ. இலங்கைப் பக்கம் அகலப் பாதை, 1676 மி.மீ. பாலம் கட்டியிருந்தாலும் ஒரு கரையில் சரக்கை இறக்கி ஏற்றியிருக்க வேண்டும், இல்லையென்றால் மூன்றாவது தண்டவாளம் போட்டிருக்க வேண்டும். 676 என்ற எண்ணைக் கிலோமீட்டர் கல்லின் எண்ணோடு கூட்டிக் கழித்து, ஆயத்தொலைவில் நிமிடத்தின் கடைசி மூன்று இலக்கமாக வையுங்கள். 676-ஐ அப்படியே போட்டால் வீட்டிலிருந்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

பக்க விவரணையில் கட்டுமான முறையைக் கட்டாயம் எழுதுங்கள், இதன் அருமையே அதில்தான். கடலுக்குள் இரண்டு வரிசை கான்கிரீட் தூண்கள். வரிசையில் 10 அடிக்கு ஒன்று, இரு வரிசைக்கும் நடுவே 14 அடி. அவற்றை மணலில் இறக்குவது, பின்னால் கான்கிரீட் பலகைகளைச் செருகுவது, நடுவே மணலை நிரப்புவது. தண்டவாளம் உயர்நீர் மட்டத்துக்கு 6 அடி மேலே. நீரோட்டம் கொண்டுவரும் மணல் இருபக்கமும் படிந்து, காலப்போக்கில் ராமேஸ்வரமும் மன்னாரும் ஒரே தீவாகிவிடும் என்று எதிர்பார்த்தார்கள். 1964 டிசம்பர் புயலில் எழுந்த அலை அந்த 6 அடியைவிடப் பல மடங்கு உயரம். அரிச்சல்முனையில் நின்று இதைப் படிப்பவருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

உப்புக்காற்று:
பெட்டி: இரும்பு வெடிமருந்துப் பெட்டி வேண்டவே வேண்டாம், துரு ஒரு பக்கம், போலீஸ் ஒரு பக்கம். மூடிய பிவிசி குழாயும் கூடாது. நான்கு பக்கக் கிளிப் டப்பாவில் வெயிலுக்குக் கிளிப் முதலில் நொறுங்கும். அகன்ற வாய், திருகு மூடி உள்ள ஒளிபுகும் பிளாஸ்டிக் பாட்டில், அரை லிட்டர், போதும். உள்ளே இருப்பது வெளியே தெரிய வேண்டும். இது விளையாட்டுப் பெட்டி என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி உட்பக்கம் ஒட்டுங்கள். காந்தம் வைத்தால் நிக்கல் பூச்சு உரிந்து பொடியாகிவிடும், எஃகு வளையத்துக்குப் பதில் நைலான் கயிறு கட்டுங்கள். ஜிப் பையின் பள்ளத்தில் மணல் ஏறினால் மூடாது. கண்டுபிடித்தவர்கள் பெயர் எழுதும் லாக் புத்தகத்துக்குத் தண்ணீர் புகாத தாள், எழுதப் பென்சில். பேனா மை ஈரத்தில் பரவும்.

வைகைக்கரை:
மல்டியாக மாற்றிவிடுகிறேன். திட்டுகள் இருப்பதால் எர்த்கேஷ் (பெட்டியில்லாமல் நிலவியலைக் கற்பிக்கும் வகை) ஆக்க முடியாதா?

சேதுச்சாலை:
எர்த்கேஷில் பாடம் நிலவியலாக இருக்க வேண்டும். ரயில் வரலாறு துணைக்குறிப்பாக மட்டுமே நிற்கும். வேண்டுமானால் மணல் திட்டு உருவாவதைத் தனி எர்த்கேஷாகப் போட்டு இந்த மல்டியோடு இணையுங்கள். கேஷின் இணையப் பக்கத்தில் மூன்று எச்சரிக்கை சேருங்கள்: மாலையில் போலீஸ் எல்லாரையும் திருப்பி அனுப்பிவிடும், காலையிலேயே போக வேண்டும். போன் இலங்கைக் கோபுரத்தைப் பிடிக்கும், ரோமிங்கை அணைத்துவிட்டு வரைபடத்தை முன்பே இறக்கிக்கொள்ள வேண்டும். செயற்கைக்கோள் வழி செய்தி அனுப்பும் கருவியை உரிமம் இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவரக் கூடாது, வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் மாட்டுவது இதில்தான்.