கீழாநெல்லி குடித்துக்கொண்டே குடித்தால் ஈரல் தப்புமா?

கேள்வி: செல்வி, கும்பகோணம்

என் வீட்டுக்காரருக்கு 44 வயது. தினமும் ராத்திரி ஒரு குவார்ட்டர். போன வாரம் ஈரல் எப்படி இருக்கிறது என்று ரத்தம் கொடுத்துப் பார்த்தோம், ஈரல் நொதிகளின் அளவு இது: எஸ்ஜிஓடி 148, எஸ்ஜிபிடி 62, ஜிஜிடி 310. மஞ்சள் காமாலை இல்லை. ஸ்கேனில் கொழுப்புக் கல்லீரல், கிரேடு 2. அத்தை காலையில் கீழாநெல்லியை வேரோடு அரைத்து மோரில் கலக்கிக் கொடுக்கிறார், கூடவே உப்பில்லாத கஞ்சிப் பத்தியம். மெடிக்கலில் ஈரலுக்கென்று சிலிமரின் மாத்திரையும் கொடுத்தார்கள். இவரோ "அதான் மருந்து குடிக்கிறேனே" என்று சொல்லிவிட்டு சாயங்காலம் கடைக்குக் கிளம்பிவிடுகிறார். இதெல்லாம் நிஜமாகவே ஈரலைக் காப்பாற்றுமா?

பாலமுருகன்

தாராளமாகக் கொடுங்கள். என் மாமாவுக்குக் காமாலை வந்து கீழாநெல்லியில்தான் சரியானது. கரிசலாங்கண்ணியும் சேர்த்தால் இன்னும் நல்லது.

வசந்தா, ஓய்வு பெற்ற நர்ஸ்

பாலமுருகன் தம்பி, கெட்ட தண்ணீரால் வரும் காமாலை பெரும்பாலும் சில வாரத்தில் தானாகவே இறங்கிவிடும். அந்தச் சமயத்தில் எதைக் குடித்திருந்தாலும் பேர் அதற்குப் போகும். தினமும் உள்ளே போகிற சாராயத்தின் கதை வேறு.

செல்விம்மா, அரசு மருத்துவமனையில் கல்லீரல் வார்டில் ரொம்ப வருஷம் வேலை பார்த்தவள் நான். வயிறு வீங்கி, கால் வீங்கி வருகிறவர்கள் தலைமாட்டில் பச்சைச் சாறு பாட்டில் இருக்கும். "விடாமல் குடித்தாரே சிஸ்டர்" என்று வீட்டம்மா அழுவார். எது எதை விடாமல் குடித்தார் என்பதுதான் விஷயம்.

கீழாநெல்லியை எலிக்குக் கொடுத்துப் பார்த்த சோதனைகளில் பலன் வந்தது உண்மைதான். ஆனால் அங்கே சாற்றைப் பெரும்பாலும் முன்கூட்டியோ சாராயத்தோடு சேர்த்தோ கொடுப்பார்கள். அதுவும் கெட்டியான சத்து, கிலோ எடைக்கு 200, 400 மில்லிகிராம் என்று. சில வாரத்தில் சோதனை முடிந்துவிடும். உங்கள் வீட்டில் ஒரு பிடி செடி, பல வருஷக் குடி.

கீழாநெல்லிக்குப் பெரிய பேர் வந்தது 1988இல். ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உள்ளவர்களுக்குச் சென்னையில் கொடுத்துப் பார்த்ததில், 37 பேரில் 22 பேருக்கு அந்த வைரஸின் அடையாளம் ரத்தத்தில் மறைந்தது. லான்செட் என்ற பெரிய மருத்துவ இதழிலேயே வந்தது. பிற்பாடு மற்றவர்கள் செய்தபோது அந்த மாதிரிப் பலன் கிடைக்கவில்லை. அதுவும் வைரஸுக்கு, சாராயத்துக்கு இல்லை.

சிலிமரினைக் குடிகாரர்களிடமே சோதித்திருக்கிறார்கள். 1989இல் வியன்னா ஆய்வு நல்லபடியாகச் சொன்னது. 1998இல் ஸ்பெயினில் குடியால் ஈரல் சுருங்கிய 200 பேரிடம் பார்த்ததில், மாத்திரை சாப்பிட்டவர்களும் சாப்பிடாதவர்களும் ஒன்றுபோலவே இருந்தார்கள். நம்ம ஊரில் எல்லாரும் கேட்டு வாங்கும் லிவ் 52 என்ற ஈரல் மாத்திரையை இலங்கையில் 6 மாதம் கொடுத்துப் பார்த்து, மருந்தே இல்லாத வெறும் மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை என்று 2003இல் எழுதினார்கள்.

உங்கள் ரிப்போர்ட்டில் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடியைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். குடியால் கெட்ட ஈரலில் அடிக்கடி பார்க்கிற கணக்கு இது. கொழுப்பு மட்டும் என்றால் இன்னும் திரும்பி வரக்கூடிய கட்டம். குடியை விட்டால் இரண்டு மூன்று வாரத்தில் ஜிஜிடி பாதிக்கு இறங்குவதைப் பார்க்கலாம். அந்தப் பேப்பரை அவர் கையில் கொடுங்கள், நாம் பேசுவதைவிட அது நன்றாகப் பேசும். தழும்பு விழுந்திருக்கிறதா என்று பார்க்க ஃபைப்ரோஸ்கேன் ஒன்று எடுங்கள்.

எனக்கு உங்கள் அத்தையின் சாற்றைவிட அந்தப் பத்தியத்தைத்தான் உடனே நிறுத்த வேண்டும் போலிருக்கிறது. குடிக்கிறவர்கள் ஏற்கெனவே புரதம் இல்லாமல் இளைத்துப்போய் இருப்பார்கள், அதில் வெறும் கஞ்சி ஊற்றினால் தோள் சதையெல்லாம் கரையும். முட்டை, மீன், சுண்டல், பருப்பு, தயிர் எல்லாம் கொடுங்கள். ராத்திரி படுக்கும் முன் ஏதாவது சாப்பிடட்டும். உப்பைக் குறைப்பது வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கு.

ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சீந்தில் கஷாயம் யாராவது சொன்னால் வேண்டாம். கொரோனா சமயத்தில் அதைக் குடித்து ஈரல் வீங்கியவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021இல் எழுதியிருக்கிறார்கள்.

செல்வி

ரொம்ப நன்றிம்மா. அத்தையிடம் பேசிவிட்டேன், இன்று முட்டை கொடுத்தோம். இவரும் "நாளையிலிருந்து தொடவே மாட்டேன்" என்கிறார். அப்படியே விட்டுவிடலாமா?

வசந்தா

சந்தோஷம்மா. ஆனால் தனியாக வீட்டில் வைத்து நிறுத்த வேண்டாம். காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறதா, ஒரு வாய் ஊற்றினால்தான் நிற்கிறதா, முன்பு விட்டபோது வலிப்பு வந்ததா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும், சேர்த்துப் பார்த்துக்கொள்கிற இடத்தில்தான் நிறுத்த வேண்டும். கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் வரும், இரண்டு மூன்று நாளில் பிதற்றல், இல்லாத பூச்சியெல்லாம் தெரிவது. அது உயிருக்கே ஆபத்து. அரசு மருத்துவக் கல்லூரியில் மனநலப் பிரிவுக்குப் போங்கள், குடி விடும் சிகிச்சை அங்கேதான். போகும் முன் பேச வேண்டுமானால் 14446, இலவச எண்.

அப்புறம், சோர்வாக இருக்கிறார் என்று தெருமுனை கிளினிக்கில் குளுக்கோஸ் பாட்டில் போட்டுவிடாதீர்கள். இவருக்கு முதலில் பி1 வைட்டமின் ஊசி, பிறகுதான் குளுக்கோஸ். தினமும் குடிப்பவர் என்று மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், அவர் பார்த்துக்கொள்வார்.