மீட்டர் கணக்கில் மணி வேலைத் துணியா, சட்டத்தில் போடும் ஆரியா?

வாணி: தங்கைக்குத் தை மாதம் திருமணம். முகூர்த்தத்துக்குக் காஞ்சிபுரம் பட்டு, வரவேற்புக்கு லெஹங்கா. இரண்டிலும் மணி வேலை வேண்டும் என்கிறாள். தயாராக விற்கும் மணி வேலைத் துணியை வாங்கித் தைத்துவிடலாமா, வெறும் ராசில்க் (சற்றுச் சொரசொரப்பான பட்டு) எடுத்து, கொக்கி ஊசியால் கையில் போடும் ஆரி வேலைக்குக் கொடுக்கலாமா? வீட்டில் இரண்டு கட்சி.

நூல்காரி: ரவிக்கைக்குத் தயார்த் துணி வேண்டவே வேண்டாம். அதில் பூவேலை துணி முழுக்க ஒரே சீராக ஓடும். வெட்டும்போது கைக்குழியில் பாதி மயில் உருவம் நிற்கும். ஆரியில் ரவிக்கையின் அளவை வரைந்து, சட்டத்தில் இழுத்துக் கட்டி, கோட்டுக்குள் வேலையை முடித்த பிறகுதான் கத்தரியே எடுப்பார்கள். தயார்த் துணியிலோ மணி கோத்த நூலின் மேலேயே கத்தரி ஓடுகிறது. அது சங்கிலித் தையல். கட்டாத நுனி ஒன்று அகப்பட்டு இழுபட்டால் வரிசை முழுவதும் கொட்டும்.

துணிக்கடை ராசு: கொட்டினால் அது தையற்காரரின் குறை. விவரம் தெரிந்தவர் தையல் ஓடும் இடத்து மணிகளை நசுக்கி எடுத்து, நூல் நுனிகளைக் கையால் முடிந்த பிறகுதான் மெஷினில் வைப்பார். இல்லையென்றால் ஊசி உடையும். லெஹங்காவையும் யோசியுங்கள் அம்மா. அத்தனை கலிக்கும் (பாவாடையைச் சேர்த்துத் தைக்கும் துண்டுகள்) கையால் மணி கோப்பதற்கு எவ்வளவு கூலி! சூரத் மெஷின் வேலைக்கும் கைவேலைக்கும் மேடைக்குக் கீழே இருப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

நூல்காரி: மேடைக்குக் கீழே இருப்பவரா உடுத்துகிறார்?

பட்டுப்பித்து: இருவரும் முந்தானையை மறந்துவிட்டீர்கள். இடது தோள் எப்படியும் சேலைக்குள் மறைகிறது. அங்கே மணி இருந்தால் மாலை மாற்றக் கை தூக்கும் ஒவ்வொரு முறையும் பட்டின் இழையைப் பிடித்து இழுக்கும். அந்தத் தோளில் நூல் வேலை மட்டும் போதும். தயார்த் துணியில் இப்படி ஓர் இடத்தை விடச் சொல்ல முடியாது.

துணிக்கடை ராசு: சரி, ரவிக்கையை விட்டுக்கொடுக்கிறேன். லெஹங்காவை விட மாட்டேன்.

வாணி: ஒரு கடையில் "லக்னோ கைவேலை" என்று காட்டினார்கள். எப்படிச் சரிபார்ப்பது?

நூல்காரி: லக்னோ சர்தோசிக்கு, அதாவது அங்கே உலோக நூலால் போடும் கைவேலைக்கு, 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது உண்மை. அதற்காகக் கடைக்காரர் வாயால் சொல்வதெல்லாம் லக்னோ ஆகிவிடாது. துணியைப் புரட்டுங்கள். மெஷின் வேலையில் பின்புறம் பாபின் நூல் அச்சடித்ததுபோல ஒரே சீராக ஓடும். கைவேலையில் ஆங்காங்கே முடிச்சு இருக்கும், இடைவெளி ஏறி இறங்கும். பின்புறம் நூலே இல்லையென்றால் மணி பசையில் ஒட்டியது. பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள். மணியைக் கன்னத்தில் வைத்தும் பாருங்கள். கண்ணாடி சில்லென்று இருக்கும், பிளாஸ்டிக் அவ்வளவு குளிராது.

துணிக்கடை ராசு: பிளாஸ்டிக் என்றால் இளக்காரமா? நெட் துணி முழுக்கக் கண்ணாடி மணி என்றால் இடுப்பு நாடா படும் பாட்டைப் பார்த்திருக்கிறீர்களா? ஹேங்கரில் மாட்டி வைத்தாலே நெட் தொய்ந்து இறங்கிவிடும். மணப்பெண் மணிக்கணக்கில் நிற்க வேண்டாமா?

பட்டுப்பித்து: இலேசுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இஸ்திரிப் பெட்டி பட்டால் பிளாஸ்டிக் உருகும். சில மணிகளின் பூச்சு டிரை கிளீனிங் திரவத்தில் கரைந்தும் போகும். முதலில் ஒரு துண்டைக் கொடுத்துச் சோதித்துவிட்டு மொத்தமாக எடுங்கள்.

துணிக்கடை ராசு: கல்யாண லெஹங்காவை எத்தனை முறை துவைக்கப் போகிறீர்கள்?

பட்டுப்பித்து: பாயசம் கொட்டினால் ஒரு முறையாவது துவைத்துத்தானே ஆக வேண்டும்!

வாணி: தங்கை எல்லாவற்றையும் படித்துவிட்டாள். ரவிக்கைக்கு ஆரி, இடது தோளில் மணி இல்லை. லெஹங்காவுக்குக் கண்ணாடி மணிதான் வேண்டுமாம், எடையைப் பற்றிக் கவலை இல்லையாம்.

துணிக்கடை ராசு: அப்படியானால் நெட் வேண்டாம். ராசில்க்கில் கீழ்க்கரைக்கு மட்டும் போடச் சொல்லுங்கள்.

நூல்காரி: கீழ்க்கரை தரையில் உரசும், முதலில் உதிர்வது அங்கேதான். விளிம்பிலிருந்து நான்கு விரல் விட்டுத் தொடங்கச் சொல்லுங்கள்.