'அவுட்ஸ்டாண்டிங்': பாராட்டா, பாக்கியா?

கேள்வி (சுங்கை சிப்புட், மலேசியா)
அனைவருக்கும் வணக்கம். செம்பனைத் தோட்டத்தில் உழைத்து ஓய்வுபெற்ற என் அம்மா, வீட்டுக் கடனுக்கான தவணையை மாதம் தவறாமல் கட்டி வருகிறார். அண்மையில் வந்த கடிதத்தில் 'அவுட்ஸ்டாண்டிங் பேலன்ஸ்' என்ற வரிக்கு எதிரே பெரிய தொகை ஒன்றைக் கண்டதிலிருந்து, ஏதோ தவணை விடுபட்டுவிட்டது என்று கலங்கிப்போயிருக்கிறார். தமிழ்ப்பள்ளியில் என் மகளுக்குக் கொடுத்த சான்றிதழிலும் இதே சொல்தான் இருக்கிறது. இதன் உண்மையான பொருள் என்ன?

மறுமொழி 1 (ஓய்வுபெற்ற ஆசிரியர், தாப்பா)
அம்மா கலங்க வேண்டியதில்லை என்பதை முதலில் அவரிடம் சொல்லிவிடுங்கள். கடன் கடிதத்தில் அச்சொல், இன்னும் அடைபடாமல் நிற்கும் கடன் இருப்பைக் குறிக்கிறது. கட்ட வேண்டிய நாளே வராத தவணைகளின் அசலும் அதில் அடங்கும். கெடு தாண்டிய தொகைக்கு ஆங்கிலத்தில் 'ஓவர்டியூ', 'அரியர்ஸ்' என்ற வேறு சொற்கள் உள்ளன.

வெளியே துருத்தி நிற்பது என்பதே 16ஆம் நூற்றாண்டில் இச்சொல்லுக்கு இருந்த பொருள். தீராமல் நிற்கும் கணக்கு என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலும், பிறரிலிருந்து தனித்துத் தெரியும் சிறப்பு என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டிலும் வந்து சேர்ந்தன. நம்முடைய 'நிலுவை'யும் 'நில்' என்ற வேரிலிருந்து பிறந்ததுதான் என்பதை எண்ணிப் பார்த்தால், நிற்பதற்கும் கடனுக்கும் உள்ள உறவு நமக்கு எளிதில் விளங்கும்.

மறுமொழி 2 (கணக்காளர், பீடோர்)
ஆசிரியர் ஐயா சொன்னது சரி. ஆயினும் அலுவலகங்களில் பலர் கெடு தாண்டிய தொகையையும் 'அவுட்ஸ்டாண்டிங்' என்றே எழுதுகிறார்கள் என்பதால், அந்த ஒரு சொல்லை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது. மலாயில் 'பாக்கி' என்றால் மீதம். 'துங்காக்கான்' என்றால் கட்டத் தவறியது. மின்கட்டண பில்லில் முன்பு கட்டாமல் விட்ட தொகை 'துங்காக்கான்' என்று தனி வரியாக வருவதைப் பார்த்திருப்பீர்கள். அப்படியொரு வரி அம்மாவின் கடிதத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

மறுமொழி 3 (கல்லூரி மாணவி, ஈப்போ)
எந்தப் பெயர்ச்சொல்லோடு வருகிறது என்று பார்ப்பதே எனக்கு உதவுகிறது. மாணவர், ஆட்டக்காரர், சேவை ஆகியவற்றோடு வந்தால் பாராட்டு. தொகை, விண்ணப்பம், விடுப்பு ஆகியவற்றோடு வந்தால் முடியாமல் நிற்பது. பணத்தைப் பற்றிப் பேசும்போது 'அமவுண்ட் அவுட்ஸ்டாண்டிங்' எனப் பெயர்ச்சொல்லுக்குப் பின்னாலும் இது வரும். மாணவரைப் பாராட்டும்போது பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வருவதே வழக்கம்.

கேள்வி கேட்டவர்
மிக்க நன்றி. கடிதத்தின் கீழ்ப்பகுதியில் 'துங்காக்கான்' என்ற வரி இருக்கிறது. அதற்கு எதிரே 0.00 என்று போட்டிருக்கிறது. அம்மாவிடம் காட்டிவிட்டேன்.