‘பார்ன் ஃபைண்ட்’: கொட்டிற்காரா, கிடப்புக் காரா?

க.: கலைச்சொல் குழுவினர்க்கு வணக்கம். பழங்கார்களைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றுக்கு உரைவரி எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். மேற்குப் பிரான்சில் ரோஜே பையோன் என்ற போக்குவரத்துத் தொழிலதிபர் அருங்காட்சியகக் கனவோடு சேர்த்து, 1970களில் தொழில் நொடித்தபின் கேட்பாரற்றுக் கிடந்த கார்கள் 2014இல் வெளிப்பட்ட கதை அது. 2015 பிப்ரவரியில் பாரிசில் 59 கார்கள் ஏலம் போயின. பழைய இதழ்க் கட்டுகளுக்கு அடியில் கிடந்த 1961ஆம் ஆண்டு ஃபெராரி கலிபோர்னியா ஸ்பைடர் மட்டுமே 1.6 கோடி யூரோவைத் தாண்டியது. கொட்டிலிலோ கராஜிலோ மறந்து கிடந்து பின்னர் கண்டெடுக்கப்படும் இத்தகைய அரிய காரை ஆங்கிலத்தில் ‘பார்ன் ஃபைண்ட்’ என்கிறார்கள்; தமிழில் என்ன பெயர்? ‘களஞ்சியக் கண்டுபிடிப்பு’ என்றால் பதுக்கிய நெல்லைப் பிடித்ததுபோல் ஒலிக்கிறது.

பொ.: ‘கொட்டில்’ இருக்கக் களஞ்சியம் எதற்கு? வேற்றுமைப் புணர்ச்சியில் லகரம் றகரமாகத் திரிய, ‘கொட்டிற்கார்’ என்று அழகாக அமையும். இன்னும் பழமை வேண்டுமானால் புறநானூற்றின் 95ஆம் பாட்டுக்குப் போகலாம். தொண்டைமானின் வேல்கள் மாலை சூடி நெய் பூசி அரண்மனையில் இருக்க, அதியமானின் வேல்கள் நுனி சிதைந்து கொல்லனின் குற்றிலில், அதாவது சிறு கொட்டிலில், கிடந்தன என்கிறார் ஔவையார். ஆகவே ‘குற்றிற்கார்’ என்பதையும் முன்மொழிகிறேன்.

இ.: ஐயா, ‘குற்றிற்கார்’ என்றால் அந்தக் கார் செய்த குற்றம் என்ன என்றுதான் வாசகர் கேட்பார். மேலும், அதியமானின் வேல் பழுது நீக்க வந்தது, மறந்து விடப்பட்டதன்று. கொட்டிலும் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. 2009இல் 34 லட்சம் யூரோவுக்கு விலைபோன புகாட்டி 57எஸ் அட்டலாண்ட் கார், இங்கிலாந்தின் நியூகாசிலில் ஒரு மருத்துவரின் வீட்டுக் கராஜில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு நின்றிருந்தது. அதே ஆண்டு மஜோரே ஏரியின் அடியிலிருந்து ஒரு புகாட்டி பிரெஷியா காரைத் தூக்கினார்கள்; அதை ஏரிக்கார் என்பதா? கோப்பைக் ‘கிடப்பில் போட்டார்கள்’ என்று நாளும் பேசுகிறோமே, ‘கிடப்புக் கார்’ என்றால் எவருக்கும் புரியும்.

வே.: பழைய வண்டிகளைச் சீரமைப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். தெருவோரத்தில் துருவேறும் வண்டியும் கிடப்புதான். அரிய காரை அடையாளம் காணும் வேலையே வேறு. முதலில் தூசியைத் துடைக்காமல் படமெடுக்க வேண்டும். பிறகு சட்டகத்தில் பொறித்த சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் தொழிற்சாலைப் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும். எஞ்சின் மாறியிருந்தால் விலை சரியும். அட்டலாண்டின் மதிப்பைக் கூட்டியது 57502 என்ற சேசிஸ் எண்ணும், அதன் முதல் உரிமையாளர் பந்தய வீரர் ஏர்ல் ஹவ் என்பதும்தான். அரிது என்பதை உணர்த்தாத சொல் அரைச்சொல்லே. ஆர்சி புத்தகம் வைத்திருப்பவர் எவருக்கும் சேசிஸ் தெரியுமாதலால், அதையும் தமிழாக்கப் புறப்பட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பொ.: ‘அடிச்சட்டகம்’ என்ற சொல்லுக்கு என்ன குறை?

இ.: அதற்குத் தனி இழை தொடங்குங்கள், ஐயா. அரிது என்பதைச் சொல்லுக்குள் திணித்தால் ‘அருங்கிடப்புக் கார்’ என்று நீளும். திரையில் இரண்டு நொடிக்குள் படிக்க முடியாது.

க.: அனைவர்க்கும் நன்றி. முதல் இடத்தில் ‘கொட்டிலில் கிடந்த அரிய கார்’ என விரித்தும், பின்னர் ‘கிடப்புக் கார்’ எனச் சுருக்கியும் எழுதி அனுப்பிவிடுகிறேன். பெரும்பாலோர் இதற்கு உடன்படுவதாகவே எடுத்துக்கொள்கிறேன்.

பொ.: நான் உடன்படவில்லை. ‘கிடப்பு’ அலுவலக வாடை வீசும் சொல். கலைச்சொல் தொகுப்பில் சேர்க்கும்போது என் மறுப்பையும் ‘கொட்டிற்கார்’ என்ற மாற்றுச்சொல்லையும் பதிவு செய்யுங்கள்.