என்விடிஏ வைத்து தண்டர்பேர்டில் பழைய மெயிலைத் தேடுவது எப்படி?

தாமிரபரணி:
வணக்கம். எனக்குப் பார்வை இல்லை, ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை. விண்டோஸில் மெயிலுக்குத் தண்டர்பேர்ட், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்ல என்விடிஏ, இந்த இரண்டும்தான் தினமும். மெயில் படிப்பது, பதில் போடுவது எல்லாம் பிரச்சினை இல்லை, தேடுவதுதான் வரமாட்டேன் என்கிறது. கண்ட்ரோல் கே அழுத்தி பெயரை அடித்து எண்டர் கொடுத்தால் புதிதாக ஒரு டேப் திறக்கிறது, அதில் ஆண்டு, ஃபோல்டர், அனுப்பியவர் என்று என்னென்னவோ வாசிக்கிறது, மெயில் எங்கே தொடங்குகிறது என்றே பிடிபடவில்லை. நேற்று ஒரு மாணவி சான்றிதழ் கேட்டு அனுப்பிய மெயிலை எடுக்கச் சொல்லி மேலதிகாரி பக்கத்திலேயே நின்றார். ஐந்து நிமிடம் தேடிவிட்டு கடைசியில் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட வேண்டியதாகிவிட்டது. மனசுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. நீங்களெல்லாம் எப்படித் தேடுகிறீர்கள்?

மலைக்கோட்டை:
நீங்கள் போவது முழுத் தேடல், அதை இப்போதைக்கு விடுங்கள். இன்பாக்ஸில் இருந்துகொண்டே கண்ட்ரோல் ஷிப்ட் கே அழுத்துங்கள், குயிக் ஃபில்டர் பெட்டிக்குப் போகும். பெயரில் நாலு எழுத்து அடித்தால் போதும், எண்டர்கூட வேண்டாம், பட்டியல் தானாகவே சுருங்கிவிடும். அப்புறம் எஃப் 6 அழுத்தி அழுத்தி மெயில் பட்டியலுக்கு வந்து, வழக்கம்போல அம்புக்குறியில் இறங்கிப் படிக்கலாம். நமக்கு இதுதான் வசதி, ஏனென்றால் தெரியாத பக்கத்துக்குப் போகாமல் பழகிய பட்டியலிலேயே நிற்கிறோம், கேட்க வேண்டிய வரி மட்டும் குறைகிறது.

எழுத்து அடித்த பிறகு டேப் அழுத்திக்கொண்டே போனால் அனுப்பியவர், பெறுபவர், தலைப்பு, உள்ளடக்கம் என்று நாலு பட்டன் வரும். அழுத்தியிருக்கிறதா இல்லையா என்பதை என்விடிஏ சொல்லும். ஆளைத் தேடும்போது அனுப்பியவர் மட்டும் இருக்கட்டும். ஒன்றை மறக்கவே கூடாது: முடித்ததும் திரும்பக் கண்ட்ரோல் ஷிப்ட் கே, எஸ்கேப். நான் ஒருமுறை ஃபில்டரை எடுக்காமலே விட்டுவிட்டு, காலையில் புது மெயில் ஒன்றும் வரவில்லையே என்று அரை நாள் காத்திருந்தேன்.

இன்னொன்று, பட்டியலை அட்டை வடிவத்தில் வைத்திருந்தால் அட்டவணை வடிவத்துக்கு மாற்றுங்கள். வேண்டாத நெடுவரிசைகளை எடுத்துவிட்டு அனுப்பியவரை முதலில் வைத்தால் ஒவ்வொரு வரியிலும் பெயர்தான் முதலில் காதில் விழும், பிடிக்காத வரியை முழுதாகக் கேட்காமலே தாண்டிவிடலாம்.

வைகைக்கரை:
மேலே சொன்னது எல்லாம் சரி. தமிழில் தேடுகிறவர்களுக்கு ஒரு விஷயம் சேர்க்கிறேன், இதைக் கண்டுபிடிக்க எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று. சான்றிதழ் என்று புள்ளியோடு அடித்தால் தலைப்பில் 'சான்றிதழை', 'சான்றிதழுக்கு' என்று இருக்கும் மெயில் வராது, அந்தச் சொற்களில் ழகரத்தின் மேல் புள்ளி இல்லை அல்லவா. கடைசிப் புள்ளியை அடிக்காமல் 'சான்றிதழ' என்று நிறுத்துங்கள், வேற்றுமை உருபு எது சேர்ந்திருந்தாலும் எல்லாமே வரும். 'விடுப்பு' என்றாலும் அப்படித்தான், 'விடுப்ப' வரைக்கும் போதும்.

பெயர்களை ஆங்கில எழுத்தில் ஆளுக்கு ஒரு மாதிரி எழுதுகிறார்கள். லட்சுமிக்கு ஒருவர் எக்ஸ் போடுவார், இன்னொருவர் கே எஸ் எச் போடுவார். அதனால் எல்லாரும் ஒரே மாதிரி எழுதும் துண்டை மட்டும் அடியுங்கள். அதே ஆளைத் தமிழ் எழுத்திலும் ஒருமுறை தேடுங்கள், ஒன்று இன்னொன்றைக் கொண்டுவராது.

எந்த ஃபோல்டர் என்றே தெரியாவிட்டால் கண்ட்ரோல் ஷிப்ட் எஃப். இன்னதுக்குள், இந்தத் தேதிக்குப் பிறகு, இன்னார் அனுப்பியது என்று பெட்டி பெட்டியாக நிரப்பும் உரையாடல் பெட்டி அது, டேப் மட்டும் வைத்தே முழுக்கப் போய்வரலாம். அடிக்கடி தேடுவதைத் தேடல் ஃபோல்டராகச் சேமிக்கவும் முடியும். 'சான்றிதழ' என்று ஒன்று சேமித்து வைத்தால் உங்கள் வேலைக்கு அடுத்த தடவை தேடவே வேண்டியிருக்காது.

தாமிரபரணி:
இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. இன்று காலை அலுவலகத்துக்குப் போனதும் முதல் வேலையாக இதைத்தான் செய்தேன். தமிழ்99 விசைப்பலகையில் புள்ளியை விட்டுவிட்டு அடித்தேன், பதினொரு மெயில் வந்தது, அந்த மாணவியுடையது நாலாவது. 'சான்றிதழைப் பெறுவது குறித்து' என்று தலைப்பு, அதனால்தான் நேற்று சிக்கவில்லை போலிருக்கிறது. ஆனால் உள்ளடக்கம் பட்டனை அழுத்தினால் பழைய மெயில் எதுவும் வரமாட்டேன் என்கிறது, ஏன்?

மலைக்கோட்டை:
ஐமேப் கணக்கா, அதாவது மெயில் சர்வரிலேயே இருக்கும் வகையா? அப்படியென்றால் மெயிலின் உள்ளடக்கம் உங்கள் கணினிக்கு இறங்காமல், தலைப்பு விவரம் மட்டும் இருக்கலாம். கணக்கு அமைப்பில் சிங்க்ரனைசேஷன் அண்ட் ஸ்டோரேஜ் பகுதிக்குப் போய், மெயில்களை இந்தக் கணினியில் வைத்துக்கொள் என்ற தேர்வுப்பெட்டியை டிக் செய்யுங்கள். நிறைய மெயில் இருந்தால் இறங்க நேரமாகும், ராத்திரி ஓடவிட்டுவிட்டுப் போங்கள்.

தாமிரபரணி:
ஆமாம், ஐமேப்தான். டிக் செய்துவிட்டேன், இறங்கிக்கொண்டிருக்கிறது. நாளைக்குப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.