பொருள்: நாடாளுமன்ற ‘ஓவர்சைட்’ – தமிழில் என்ன?

இ., கோவை:
குழுவினருக்கு வணக்கம். அரசறிவியல் பாடநூலின் ஓர் இயலை வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். விண்வெளி, அணுசக்தி, உயிரித் தொழில்நுட்பம் முதலிய துறைகளின் மானியக் கோரிக்கைகளை, அதாவது ஆண்டுச் செலவுக்கு அவை கேட்கும் தொகைகளை, 31 உறுப்பினர் கொண்ட நாடாளுமன்ற அறிவியல் தொழில்நுட்ப நிலைக்குழு ஆராய்கிறது. செயலர்களை அழைத்துக் கேட்கிறது, அறிக்கை வைக்கிறது. ஆணையிடும் அதிகாரம் அதற்கு இல்லை. ஆங்கிலத்தில் ‘ஓவர்சைட்’ எனப்படும் இந்தச் செயலுக்கு ‘மேற்பார்வை’ என்று எழுதினேன், பதிப்பாசிரியர் ‘கண்காணிப்பு’ என்று திருத்தினார். ‘ஆய்வு’ என்றால், ‘ஆய்வு நிறுவனங்கள் மீதான ஆய்வு’ என்று வந்து மாணவர் திணறுவார்.

பேரா. ச., தஞ்சை:
மேற்பார்வை மேலதிகாரியின் அன்றாட வேலை. நிலைக்குழு யாருக்கும் மேலதிகாரி அன்று. ‘நாடோறும் நாடுக மன்னன் வினைசெய்வான் கோடாமை கோடா துலகு’ (குறள் 520). வினைசெய்வான் கோணாதிருக்கிறானா என்று நாடுவதுதானே இது? நாட்டம் என்பதற்குக் கண், ஆராய்ச்சி என்னும் இரு பொருளும் உண்டு. ‘அவைநாட்டம்’ என்போம். நாடி பிடித்துப் பார்ப்பதும் இவ்வேரே என்பது என் துணிபு.

மு., சென்னை:
ஐயா, நாடி வடசொல். அதை விடுவோம். ‘நாடாளுமன்றத்துக்கு அறிவியலில் நாட்டம்’ என்றால் ஆர்வம் என்றே இன்று எவரும் படிப்பார். பதினோராம் வகுப்பு மாணவர் அகராதியோடு உட்கார மாட்டார். நாளிதழ்கள் எழுதும் ‘கண்காணிப்பு’ போதும்.

வே., ஹட்டன்:
போதாது. கண்காணி மருவித்தான் கங்காணி. எங்கள் இலங்கை மலையகத் தோட்டங்களில் ஆள் சேர்த்து வந்தவரும், முன்பணக் கடனில் கட்டிவைத்தவரும், பெரட்டில் (காலை ஆள் கணக்கெடுப்பில்) நின்று வேலைக்கு விரட்டியவரும் அவரே. அந்தச் சொல்லை மக்களாட்சியின் உரிமைக்குச் சூட்டாதீர்கள். ஆய்வகத்துக்குள் ஒருவர் கோலோடு நிற்பது போலவும் தொனிக்கிறது.

பேரா. ச.:
வே. சொல்வதில் நியாயம் இருக்கிறது. உத்திரமேரூர்க் கல்வெட்டில், வாரியத்தில் (ஊர்ச்சபைக் குழுவில்) இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவர் உறவினரும் குடவோலைக்கு ஆகார். அப்படியானால் ‘கணக்குக் கேட்பு’? வாரியம் என்ற சொல்லின் பிறப்பைப் பற்றித் தனியே எழுதுகிறேன்.

மு.:
கணக்கு, பொதுக் கணக்குக் குழுவின் வேலை. அனுசந்தான் தேசிய ஆய்வு நிறுவனத்துக்கான 2023 சட்டப்படி அதன் தணிக்கைக் கணக்கும் நாடாளுமன்ற அவைகளுக்கு வரும். நிலைக்குழுவோ ‘இந்தத் திட்டம் வேண்டுமா, ஏன் தாமதம், ஒதுக்கிய பணம் ஏன் செலவாகவில்லை’ என்று கேட்கிறது. அமெரிக்கக் காங்கிரஸ் 1993இல் டெக்சாஸில் கட்டிவந்த துகள் மோதுவிப்பான் என்னும் இயற்பியல் ஆய்வுக் கருவியை நிறுத்தியபோது ஏறத்தாழ 200 கோடி டாலர் செலவாகியிருந்தது. கணக்குப் பிழையால் மட்டும் அது நிற்கவில்லை. இதற்கு மேல் செலவிடலாமா என்ற அரசியல் முடிவு அது. அந்தக் கேள்வியும் நம் சொல்லுக்குள் அடங்க வேண்டும்.

இ., கோவை:
அனைவருக்கும் நன்றி. நாளை அச்சு. பதிப்பாசிரியரும் மு.வும் ‘கண்காணிப்பு’ என்பதால் அதுவே போகிறது. ‘கேட்கவும் பரிந்துரைக்கவும் உரிய அதிகாரம், ஆணையிடும் அதிகாரம் அன்று’ என்று அடியில் ஒரு வரி சேர்த்துவிட்டேன்.

வே., ஹட்டன்:
அந்த வரிக்கு நன்றி. சொல்லை நான் ஏற்கவில்லை. மறுபதிப்புக்கு முன் ‘அவை வினவல்’ என்பதையும் விவாதிக்கக் கோருகிறேன்.