புதுப்பிப்பு: மூளை எம்ஆர்ஐ படத்தில் பின்பக்கம் தப்பாகப் பிரிந்த சிக்கல்

போன வாரம் கேட்டிருந்தேன்: டி1 எம்ஆர்ஐ படத்தை (மூளைத் திசுக்களில் வெண்பொருள் வெளிச்சமாகவும் சாம்பல்பொருள் மங்கலாகவும் தெரியும் வகை) ஒட்சு முறையில், அதாவது ஒரு வெளிச்ச வரம்பைத் தானாகக் கண்டுபிடித்து, பிரித்தால், பின்பக்க வெண்பொருள் முழுக்கச் சாம்பல்பொருள் கணக்கில் சேர்ந்துவிடுகிறதே, ஏன் என்று. விடை கிடைத்துவிட்டது.

தப்பு ஒட்சுவில் இல்லை. படம் முழுவதற்கும் ஒரே வரம்பு வைக்கிற முறை அது. என் படத்திலோ பின்பக்கம் போகப் போக வெளிச்சம் மெல்ல இறங்குகிறது. எம்ஆர்ஐ கருவியில் சிக்னலை வாங்கும் கம்பிச் சுருள் எல்லா இடத்திலும் ஒரே அளவு உணர்வதில்லை. அதனால் ஒவ்வொரு புள்ளியின் மதிப்பும் இடத்துக்கு இடம் மெல்ல மாறும் ஏதோவொரு எண்ணால் பெருக்கப்பட்டு வருகிறது. மடக்கை (log) எடுத்தால் பெருக்கல் கூட்டலாகிவிடும். மெதுவாக மாறும் அந்தப் பகுதியை வழவழப்பான பரப்பாக மதிப்பிட்டுக் கழித்துவிடலாம். 2010இல் வந்த என்4 முறை இதைத்தான் செய்கிறது. ஓட்டிப் பார்த்தேன். ஹிஸ்டோகிராமில் (எந்த வெளிச்ச அளவில் எத்தனை புள்ளிகள் என்று காட்டும் வரைபடம்) ஒரே மேடாகக் கிடந்தது இரண்டு முகடுகளாகப் பிரிந்து நின்றது. அவ்வளவு சந்தோஷம்!

அப்புறம் இரைச்சல், அதாவது புள்ளிகளின் மதிப்பில் வரும் தாறுமாறான ஏற்ற இறக்கம். பக்கத்துப் புள்ளிகளைச் சராசரியாக்கி மழுப்பும் காஸியன் வடிகட்டி போட்டதும் மூளை மடிப்புகளுக்கு நடுவிலுள்ள மெல்லிய பள்ளங்கள் மூடிக்கொண்டன. ஆய்வாளர்கள் பெரோனாவும் மாலிக்கும் 1990இல் தந்த பரவல் சமன்பாடும் மதிப்புகளைப் பக்கத்துக்குப் பரப்பி மழுப்புவதுதான்; ஆனால் மதிப்பு சட்டென்று மாறும் ஓரங்களில் பரவலைத் தடுத்துவிடும். பத்து சுற்று ஓட்டினேன், பள்ளங்கள் தப்பின.

மண்டையோட்டுப் பகுதியை முதலிலேயே நீக்கிவிடுங்கள். தோலடிக் கொழுப்பின் பளிச்சென்ற வெள்ளை, வரம்பைத் தன் பக்கம் இழுத்துவிடும்.